என்ஜின் கதை – 23: திறந்து கிடந்த வாசல்

1996-ஆம் ஆண்டைத் தனியே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் மாதம் ஜெர்மனியில் வால்டர் காடன் என்ற பொறியாளர் காலமானார். அதே ஆண்டு மைசூரில் ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்துவந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை கதவை மூடியது. எஸ்கார்ட்ஸ் கூட்டில் வந்துகொண்டிருந்த யமஹா ஆர்எக்ஸ் 100-இன் தயாரிப்பும் நின்றது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இருசக்கர வண்டிகளின் புகைக்கு இந்திய அரசு வகுத்த புதிய வரம்புகள் நடைமுறைக்கு வந்தன. நான்கும் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காரணத்தால் நடந்தவை. ஆனால் நான்குக்கும் நடுவில் நிற்பது ஒரே பொருள், டூ ஸ்ட்ரோக் என்ஜின்.

சென்ற இதழில் 1881-இல் காப்புரிமை பெற்ற டூகால்ட் கிளார்க்கையும், பத்தாண்டு கழித்து இங்கிலாந்தின் பாத் நகரில் கிராங்க் அறையையே பம்பாக மாற்றிய ஜோசப் டேயையும் பார்த்தோம். இந்த இதழ் அந்த என்ஜின் உச்சிக்குப் போனதையும் அங்கிருந்து இறங்கியதையும் பற்றியது. ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணம் ஒன்றே என்பது என் கட்சி. அதைப் புரிந்துகொள்ள ஒரு முறை சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கினால்தான் ஒரு வெடிப்பு. உறிஞ்ச ஒரு நடை, அமுக்க ஒரு நடை, வெடிக்க ஒரு நடை, கழிவைத் தள்ள ஒரு நடை. உள்ளே விடவும் வெளியே விடவும் வால்வுகள். அந்த வால்வுகளைத் திறந்து மூட கேம், செயின், ராக்கர் என்று தனிப் பரிவாரம். டேயின் டூ ஸ்ட்ரோக்கில் இந்தப் பரிவாரமே கிடையாது. சிலிண்டர் சுவரில் சில வாசல்கள் வெட்டியிருக்கும். ஏறி இறங்கும் பிஸ்டனே அவற்றை மறைக்கும், திறக்கும். கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு வெடிப்பு. அதே அளவு சிலிண்டரில், அதே வேகத்தில், இரண்டு மடங்கு வெடிப்பு. எடை குறைவு, விலை குறைவு, கழற்றி மாட்டுவது எளிது.

பிஸ்டன் கீழே இறங்கியதும் கழிவு வெளியேறும் வாசலும் புதுக்கலவை நுழையும் வாசலும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். புதிதாக வரும் பெட்ரோல் – காற்றுக் கலவைதான் பழைய புகையை வெளியே தள்ள வேண்டும். வயலில் நிற்கும் பழைய தண்ணீரை வடிக்க ஒரு பக்கம் மடையைத் திறந்துவிட்டு மறுபக்கம் புதுத் தண்ணீர் பாய்ச்சினால், புதுத் தண்ணீரிலும் ஒரு பங்கு வடிகாலோடு போகத்தானே செய்யும்? டூ ஸ்ட்ரோக்கிலும் அதுவே நடக்கிறது. உள்ளே போன பெட்ரோலில் 15 முதல் 35 விழுக்காடு வரை எரியாமலே சைலன்ஸர் வழியாக வெளியேறிவிடும் என்பது பழைய கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றிய மதிப்பீடு. கூடவே இன்னொன்று: கிராங்க் அறை பம்பாக வேலை செய்வதால் அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. ஆயில் பெட்ரோலோடு கலந்தே போகும், அதோடு சேர்ந்தே எரியும். பாதி எரிந்த ஆயில்தான் நாம் பார்த்து வளர்ந்த அந்த நீல வெண்புகை.

இந்தத் திறந்த வாசலைப் பந்தயக் களத்தில் பலமாக மாற்றிக் காட்டியவர்தான் வால்டர் காடன்.

சாக்ஸனியில் சோபாவ் என்ற சிற்றூர். டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முசன் அங்கே நடத்திய டி.கே.டபிள்யூ தொழிற்சாலை இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் டூ ஸ்ட்ரோக்கின் தலைநகராக இருந்தது. கலவையைச் சிலிண்டருக்குள் சுழற்றிவிட்டு விரயத்தைக் குறைக்கும் ஷ்னூர்லேயின் முறையை மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது இந்த நிறுவனம்தான். போருக்குச் சற்று முன்பு வந்த ஆர்டி 125 என்ற சிறு வண்டியை, போர் முடிந்ததும் பல நாட்டவர்கள் நகலெடுத்தார்கள். இங்கிலாந்தின் பிஎஸ்ஏ பான்டம், அமெரிக்காவின் சிறிய ஹார்லி, சோவியத் நாட்டின் மாஸ்கோ வண்டி, 1955-இல் வந்த யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்ஏ 1 என எல்லாமே அந்த ஒரு வண்டியின் வழிவந்தவை. போரில் தோற்ற நாட்டின் சிற்றூர்ப் பட்டறை ஒன்று இவ்வளவு நாடுகளுக்கு வண்டி செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

போருக்குப் பின் சோபாவ் கிழக்கு ஜெர்மனிக்குள் விழுந்தது. தொழிற்சாலைக்கு எம்.இசட் என்று பெயர் மாறியது. 1950-களின் தொடக்கத்தில் அதன் பந்தயப் பிரிவைக் காடன் ஏற்றுக்கொண்டார். பணம் இல்லை, நல்ல உலோகம் இல்லை, மேற்கிலிருந்து உதிரிப் பாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. இருந்தது ஒரு கேள்வி: சைலன்ஸருக்குள் வாயு எப்படி நகர்கிறது? எக்ஸாஸ்ட் வாசல் திறந்ததும் புகை ஒரு அழுத்த அலையாகக் குழாயில் பாயும். குழாய் விரியும் இடத்தில் அந்த அலை இழுக்கும் அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரைக் காலி செய்யும். குழாய் மறுபடி ஒடுங்கும் இடத்தில் தள்ளும் அலையாகத் திரும்பும். தப்பித்து வெளியே வந்த புதுக்கலவையை, வாசல் மூடும் அந்தக் கடைசி நொடியில், மறுபடி சிலிண்டருக்குள்ளேயே அமுக்கிவிடும். நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கிய பந்தயக் குழாயின் வடிவம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. இந்தத் திசையில் முதல் அடி வைத்தவர் டி.கே.டபிள்யூவின் எரிக் வோல்ஃப். அதை அளந்து, அலைகளைக் கருவியில் பார்த்து, ஓர் அறிவியலாக ஆக்கியவர் காடன். கலவை நுழையும் வழிக்குச் சுழலும் தட்டு வால்வையும் அவர் சேர்த்துக்கொண்டார். 1961-இல் அவருடைய 125 சிசி என்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன்! டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத எந்த என்ஜினும் அதற்கு முன் அந்த எல்லையைத் தொட்டதில்லை.

அந்த என்ஜினை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். பொறியியல் தெரிந்த பந்தய வீரர். 1961-இல் 125 சிசி உலகப் பட்டத்துக்கான போட்டியில் ஹோண்டாவின் டாம் ஃபிலிஸோடு தோளோடு தோள் நின்றார். ஹாக்கன்ஹைம், சாக்ஸன்ரிங், மான்ஸா என மூன்று பந்தயங்கள் அவருக்கு. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் தேதி பெர்லின் சுவர் எழும்பிவிட்டது. வெளிநாட்டுப் பந்தயத்துக்குப் போகும் வீரர்மேல் கண்காணிப்பு, வீட்டில் மனைவியும் இரண்டு சிறு பையன்களும். ஜப்பானின் ஹமமாட்சுவிலிருந்து வந்த சுஸுகி நிறுவனம் பந்தயங்களில் பின்தங்கிக் கிடந்த காலம் அது. டெக்னரோடு சுஸுகி ரகசியமாகப் பேசி முடித்தது.

செப்டம்பர் 17. ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட். பட்டத்தைக் கைப்பற்றக்கூடிய பந்தயம். தொடக்கச் சுற்றுகளிலேயே டெக்னரின் என்ஜின் நின்றது. அவர் வண்டியை விட்டுவிட்டு டென்மார்க் வழியாக மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். அதே வார இறுதியில் அவருடைய மனைவி கெர்டாவும், தூக்க மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளும், ஒரு காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து எல்லை தாண்டியிருந்தார்கள். அந்த ஆண்டின் பட்டம் ஃபிலிஸுக்குப் போனது. அடுத்த ஆண்டு, 1962-இல், ஐல் ஆஃப் மேன் தீவில் 50 சிசி பந்தயத்தில் டெக்னர் வென்றார். அந்த வகுப்பின் உலகப் பட்டமும் அவருக்கே. சுஸுகியின் முதல் உலகப் பட்டம் அது. காடனின் குழாயும் தட்டு வால்வும் ஹமமாட்சுவுக்கு வந்து சேர்ந்துவிட்டன. பின்பு யமஹாவும் கவாஸாகியும் அதே பாதையில் நடந்தன. 1975-இல் ஜியாகோமோ அகோஸ்டினி யமஹாவில் 500 சிசி பட்டம் வென்றதிலிருந்து 2001-இல் வாலன்டினோ ரோஸி ஹோண்டாவில் வென்றது வரை, அந்த உச்ச வகுப்பின் பட்டம் ஒரு முறைகூட ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் போகவில்லை.

டெக்னர் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். சுவருக்குப் பின்னால் குடும்பத்தோடு வாழ்ந்தவனின் நிலையை வெளியிலிருந்து எடை போடுவது நேர்மை ஆகாது. அவர் வாழ்வும் சுகப்படவில்லை. 1963-இல் ஜப்பானின் சுஸுகா தளத்தில் வண்டி தீப்பிடித்துக் கடுமையாக வெந்தார். அந்தத் தளத்தின் ஒரு வளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். 1983-இல் இறந்தார். ஆனால் என் மனம் சோபாவ் ஊரில் தங்கிவிட்ட காடனிடம்தான் போகிறது. சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டார், விசாரிக்கப்பட்டார், அதன் பிறகும் அதே பட்டறையில் அதே வேலையைத் தொடர்ந்தார். தன் கண்டுபிடிப்பை வைத்து மற்றவர்கள் உலகை வென்றதை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் வரலாற்றில் இவ்வளவு கொடுத்து இவ்வளவு குறைவாகப் பெற்ற வேறொருவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி ஓசூருக்கு வருவோம். சுற்றி வளைத்து வரவில்லை, சுஸுகி வந்த வழியிலேயே வருகிறோம்.

1980-இல் ஓசூரில் டிவிஎஸ் 50 பிறந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய மொபெட். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பால் கேனும் புல்லுக்கட்டும் வாழைத்தாரும் மீன்கூடையும் அதன்மேல் ஏறின. 1984-இல் அதே ஓசூரில் சுஸுகி கூட்டோடு இந்த்-சுஸுகி 100 சிசி மோட்டார் சைக்கிள் வந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அந்த ஆண்டு முடிவதற்குள் யமஹா ஆர்எக்ஸ் 100, மறு ஆண்டு கவாஸாகி பஜாஜ் கேபி 100. அதுவரை ராஜ்தூத், யெஸ்டி, புல்லட், பஜாஜ், லாம்ப்ரெட்டா என்று பழகியிருந்த நாட்டுக்கு இரண்டே ஆண்டில் ஜப்பானின் நான்கு நிறுவனங்களும் வந்து இறங்கின. புல்லட்டுக்குப் பேர்போன என்ஃபீல்டுகூட மினி புல்லட், எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் என்று டூ ஸ்ட்ரோக் வண்டிகளைச் செய்துகொண்டிருந்த காலம். ராணிப்பேட்டையில் அதற்கென்று தொழிற்சாலை வைத்திருந்தது.

ஜப்பானிய நால்வரில் மூவர் டூ ஸ்ட்ரோக். ஹோண்டா மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். அளவில் எல்லாமே 100 சிசிதான். ஆர்எக்ஸ் 98 சிசியில் 11 குதிரைத்திறன் தந்தது. சிடி 100 தந்ததோ 7-ஐ ஒட்டி. எடையும் ஆர்எக்ஸுக்குக் குறைவு, நூறு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். சிக்னலில் பக்கத்தில் நின்ற இரு வண்டிகளில் எது முன்னே பாயும் என்று யாரும் கேட்கத் தேவையே இருக்கவில்லை. கல்லூரி வாசலிலும் சோழவரம் பந்தயத் திடலிலும் ஆர்எக்ஸ் கொடி கட்டிப் பறந்தது. நகை பறிப்பவர்கள் கையிலும் அதே வண்டி, அவர்களைத் துரத்திய காவலர் கையிலும் அதே வண்டி என்று ஊரெல்லாம் பேச்சு. தமிழ்ப் படங்களின் கதாநாயகர்களும் அதில் ஏறினார்கள்.

ஆனால் மாதச் சம்பளக் குடும்பத்தின் கணக்கு வேறாக இருந்தது. 1990-இல் வளைகுடா நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறியது. லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்த ஹீரோ ஹோண்டாவின் பக்கம் ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளும் சாய்ந்தார்கள். ஆர்எக்ஸ் ஓட்டுபவர் பாதியளவு மைலேஜைப் பார்த்தாலே மகிழ்ந்துபோவார். பெட்ரோலில் கலக்கும் 2டி ஆயிலின் செலவு தனி. 1994-இல் ஹீரோ ஹோண்டாவின் ஸ்ப்ளெண்டர் வந்ததும் போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது. டூ ஸ்ட்ரோக்கைச் சட்டம் கொன்றது என்று ஆர்எக்ஸ் பிரியர்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்வார்கள். என் கணிப்பு வேறு. சட்டம் வருவதற்கு முன்பே, வீட்டுக் கணக்கு நோட்டில் அதன் விதி எழுதப்பட்டுவிட்டது. எரியாமல் போன அந்தப் பெட்ரோலுக்குக் காசு கொடுத்தவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்தானே.

சட்டம் வந்த வேகமும் குறைவில்லை. 1996-இல் இருசக்கர வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 4.5 கிராம் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து 3.6 கிராம் என்று வரம்பு வைத்தார்கள். 2000-இல் இரண்டும் 2 கிராமாகச் சுருங்கின. 2005-இல் 1.5. 2010-இல் 1. இதில் ஹைட்ரோகார்பன் என்பது வேறொன்றுமில்லை, எரியாத பெட்ரோலும் ஆயிலும்தான். திறந்த வாசலிலிருந்து தப்பிப் போனதே சட்டத்தின் அளவுகோலில் மாட்டிக்கொண்டது. நிறுவனங்கள் சைலன்ஸருக்குள் வினையூக்கி வைத்துப் பார்த்தன. கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தது. 2001-இல் டிவிஎஸ்ஸும் சுஸுகியும் பிரிந்தன. அதே ஆண்டு டிவிஎஸ் கொண்டுவந்த விக்டர் ஃபோர் ஸ்ட்ரோக். ஆர்எக்ஸ் வரிசையின் கடைசி வண்டிகளும் அந்தப் பத்தாண்டின் நடுவில் நின்றுபோயின. நீண்ட நாள் நிலைத்தது மொபெட்தான். 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்து, டிவிஎஸ் 50-இன் பரம்பரையிலும் ஆயில் கலக்கும் வேலை முடிவுக்கு வந்தது.

டெல்லியில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆணையில் பழைய ஆட்டோக்களையும் டாக்சிகளையும் தூய எரிபொருளுக்கு மாற்ற வேண்டும் என்பதோடு, அந்த ஆண்டு முடிவுக்குள் பெட்ரோல் பங்க்குகளிலும் பட்டறைகளிலும் 2டி ஆயிலைச் சில்லறையாக ஊற்றி விற்பதை நிறுத்த வேண்டும் என்றும் இருந்தது. இந்த இரண்டாவது கட்டளை சிறிதாகத் தெரியும். ஆனால் நோயின் மூலத்தைத் தொட்டது அதுதான். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் போதும் என்ற இடத்தில், ஆயில் கூடினால் என்ஜின் நல்லா இருக்கும் என்று நம்பி இரண்டு, மூன்று மடங்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சில இடங்களில் ஊற்றியது 2டி ஆயில்கூட இல்லை, மலிவான சாதாரண ஆயில். தெற்காசிய நகரங்களின் ஆட்டோப் புகையில் பெரும்பங்கு இந்த மிகை ஆயிலிலிருந்து வந்தது. கலவையைச் சரியாகத் தரும் ஏற்பாட்டையும் நல்ல ஆயிலையும் பத்து ஆண்டு முன்பே கட்டாயமாக்கியிருந்தால், எத்தனையோ குழந்தைகளின் நுரையீரல் தப்பியிருக்கும். ஆட்டோ ஓட்டுநருக்கும் செலவு மிஞ்சியிருக்கும்.

டாக்காவில் 2003 தொடக்கத்தில் டூ ஸ்ட்ரோக் ‘பேபி டாக்சி’கள் சாலையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டன. இலங்கையும் பின்னர் அவ்வகை முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை நிறுத்தியது. காற்று தெளிந்தது உண்மை. அந்தத் தெளிவுக்கான கட்டணத்தில் பெரும்பகுதி ஓட்டுநர் வாங்கிய கடனில் ஏறியது என்பதும் உண்மை. புகையில் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தவரும் அவர்தான், வண்டியை மாற்றக் கடன் வாங்கியவரும் அவர்தான். இப்போது மின்சார ஆட்டோவுக்கு மாறச் சொல்லும் அரசுகள் இந்தப் பாடத்தை மறக்கக் கூடாது.

பந்தயத் தளத்திலும் கதை முடிந்தது. 2002-இல் உச்ச வகுப்பு 990 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்குகளுக்கு மாறியது. 2009-ஓடு 250 சிசியும், 2011-ஓடு 125 சிசியும் போயின. காடன் திறந்துவைத்த ஐம்பது ஆண்டு முடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்எக்ஸுக்கு ஏன் இந்த மவுசு? நல்ல நிலையில் இருக்கும் ஒரு ஆர்எக்ஸ் 100-ஐ அது புதிதாக விற்ற விலையைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். வாங்குபவர்களில் பலர் அந்த வண்டி நின்ற பிறகு பிறந்தவர்கள். ஆகவே இதை வெறும் பழைய நினைவு என்று சொல்லி ஒதுக்க முடியாது.

முதல் காரணம் காடனின் அலைக் கணக்கிலேயே இருக்கிறது. குழாயில் திரும்பி வரும் அலை எல்லா வேகத்திலும் ஒத்துழைக்காது. ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் வாசலும் அலையும் தாளம் சேரும். அதற்குக் கீழே என்ஜின் சாதுவாக ஓடும். அந்த எல்லையைத் தொட்டதும் திடீரென்று பாயும். கைப்பிடியைத் திருகும்போது முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியதுபோல் உணர்வோமே, அந்தப் பிக்கப்பின் ரகசியம் இதுதான். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி சீராக ஏறும். டூ ஸ்ட்ரோக் ஓட்டுநரைக் கவனிக்க வைக்கும், கியரைச் சரியான நேரத்தில் மாற்றச் சொல்லும். ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவனுக்கு அது பரிசு தரும்.

இரண்டாவது காரணம் பட்டறை. ஒரு டூ ஸ்ட்ரோக் என்ஜினின் மேல்பாகத்தில் அசைவது பிஸ்டனும் அதன் ரிங்கும்தான். ஹெட்டைக் கழற்றிக் கார்பன் சுரண்டலாம். சைலன்ஸர் அடைத்துக்கொண்டால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். பிளக் நனைந்தால் துடைத்து மாட்டி மறுபடி உதைக்கலாம். பிஸ்டன் சீஸ் ஆனால் லேத் பட்டறையில் போர் போட்டு அடுத்த அளவு பிஸ்டன் இறக்கலாம். கோவையிலும் மதுரையிலும் சென்னை புதுப்பேட்டையிலும் பள்ளிப் படிப்பை முடிக்காத பையன்கள் இந்த என்ஜினில்தான் தொழில் படித்தார்கள். வாசலை அரைத்து அகலமாக்கினால் என்ன ஆகும், உயரத்தை அரை மில்லி கூட்டினால் வேகம் எங்கே கூடும் என்று அரத்தை வைத்துக்கொண்டே கண்டுபிடித்தவர்கள் அவர்கள். காடன் கருவி வைத்துச் செய்த ஆராய்ச்சியை இவர்கள் காதை வைத்துச் செய்தார்கள். இந்த என்ஜின் தன் உள்ளே நடப்பதை மறைக்கவில்லை. ஏழை மாணவனுக்கும் பாடம் நடத்தியது. இன்றைய வண்டியின் உணரியும் கணினியும் அந்தப் பையனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டன. டூ ஸ்ட்ரோக்கோடு நாம் இழந்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். பிக்கப்பை மின்மோட்டார் திருப்பித் தந்துவிடும். அந்தப் பள்ளிக்கூடத்தை எது திருப்பித் தரும்?

அப்படியானால் அந்த வாசலை அடைக்க வழியே இல்லையா? உண்டு. கலவையை அனுப்பாமல் வெறும் காற்றை மட்டும் அனுப்பிப் புகையைத் தள்ளி, வாசல் மூடிய பிறகு பெட்ரோலைப் பீய்ச்சினால் தப்பிப் போக எதுவும் இருக்காது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ரால்ஃப் சாரிச் தொடங்கிய ஆர்பிடல் நிறுவனம் இந்த முறையில் பல ஆண்டு உழைத்தது. படகு மோட்டார்களிலும் இத்தாலிய ஸ்கூட்டர்களிலும் அது வந்தது. பஜாஜும் ஆட்டோவுக்கு நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் டூ ஸ்ட்ரோக் என்ஜினைச் செய்து விற்றது. ஆஸ்திரியாவின் கேடிஎம் காட்டுப் பாதைப் பந்தய வண்டிகளில் கார்புரேட்டரை எடுத்துவிட்டு எரிபொருளைப் பீய்ச்சுகிறது. ஆனால் இவ்வளவு கருவியும் சேர்ந்ததும் டூ ஸ்ட்ரோக்கின் ஆதி பலமான மலிவும் எளிமையும் கரைந்துபோகின்றன. அதே விலைக்கு ஃபோர் ஸ்ட்ரோக் கிடைக்கும்போது நகரத்து வண்டிக்கு அது எடுபடவில்லை.

எடுபட்ட இடம் ஒன்று உண்டு, அது கடல். சரக்குக் கப்பல்களின் முதன்மை என்ஜின்களில் மிகப் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் டீசல். அங்கே உள்ளே நுழைவது வெறும் காற்று. அது கீழிருந்து நுழைந்து புகையை மேலே இருக்கும் வால்வு வழியாகத் தள்ளும், வால்வு மூடிய பின்தான் எரிபொருள் பீய்ச்சப்படும். 2006-இல் எம்மா மெர்ஸ்க் கப்பலில் பொருத்தப்பட்ட வார்ட்சிலா – சுல்சர் என்ஜினுக்கு 14 சிலிண்டர். ஒவ்வொன்றும் 96 செ.மீ. விட்டம். பிஸ்டனின் ஓட்டம் இரண்டரை மீட்டர். எடை 2,300 டன். நிமிடத்துக்கு 102 சுற்று. குதிரைத்திறன் ஒரு லட்சத்துக்கும் மேல். எரிபொருளின் சக்தியில் பாதியை அது வேலையாக மாற்றுகிறது. எந்தக் கார் என்ஜினும் அந்த அளவை எளிதில் நெருங்காது. விரயத்துக்காகத் தெருவிலிருந்து வெளியேற்றப்பட்ட அதே தத்துவம், விரயம் மிகக் குறைவு என்பதற்காகக் கடலில் அரசாள்கிறது. வாசல் அதேதான், அதன் வழியே என்ன போகிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

கரையோரச் சிறு படகுகளின் நிலை வேறு. குமரி, கேரளக் கரைகளில் மண்ணெண்ணெயில் ஓடும் டூ ஸ்ட்ரோக் வெளிப்பொருத்து மோட்டார்களைத்தான் மீனவர்கள் பல்லாண்டாக நம்பியிருக்கிறார்கள். மீன் விற்ற காசில் ஒரு பங்கு எரியாத எண்ணெயாகக் கடலில் கரைகிறது. அடுத்த மாற்றம் அங்கேதான் வர வேண்டும். ஆட்டோவுக்கு நடந்ததுபோல் கடனை மீனவர் தலையில் வைக்காமல் வர வேண்டும்.

கடைசியாக, ஆர்எக்ஸோ யெஸ்டியோ வீட்டில் வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியை விற்காதீர்கள், வைத்திருங்கள். ஆனால் சைலன்ஸரின் உள்குழாயை உருவி எறிந்துவிட்டுத் தெருவை அலற வைக்காதீர்கள். புகை குறைவாக விடும் தரமான 2டி ஆயிலையே ஊற்றுங்கள், கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். பதிவையும் புகைச் சான்றையும் புதுப்பித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஓட்டும்போது பக்கத்து வீட்டுப் பையனையோ பெண்ணையோ கூப்பிட்டு, ஹெட்டைக் கழற்றி அந்த வாசல்களைக் காட்டுங்கள்.

அடுத்த இதழில் ஏறி இறங்கும் பிஸ்டனே இல்லாத என்ஜின்: ஃபெலிக்ஸ் வான்கெலின் சுழல் என்ஜின்.